தனிய வாற ஆளுக்கு எந்தத் தீவு

எந்தத் தீவுக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால் அன்ரி உடனே பதில் சொல்ல மாட்டார். கேட்டவரைக் கதிரையில் இருத்தி, முகத்தைப் பார்த்து, தான் கேட்கத் தொடங்குவார். நீச்சல் தெரியுமா? உறைப்புத் தின்றால் வயிறு தாங்குமா? மூன்று நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்து பார்த்ததுண்டா? கடைசியாக ஒரு கேள்வி வரும். வெள்ளைக்காரரும் அந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

“அழுகை வந்தால் தனிய இருந்து அழுகிற ஆளோ, ஆக்களுக்கு நடுவிலை இருந்து அழுகிற ஆளோ?”

அவர்களிடம் இதைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் கேட்பாராம். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். அழுகிற விதத்தைப் பொறுத்துத்தான் தீவு என்பது அவருடைய முடிவு. “தனிய அழுகிறவனை மாலைதீவுக்கு விடலாம். மற்றவனை விட்டால் செத்துப்போவான்.”

குருநகரில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய வீடு. முன்பக்கத்து மூன்று அறைகளையும் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, முதுகில் பையோடு வருகிறவர்கள். கூட்டமாகப் பேருந்தில் வருகிறவர்களை அவர் ஏற்பதில்லை. “உவைக்கு என்ன, கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கு. தனிய வாறதுகளுக்குத்தான் விசாரிக்க ஆள் வேணும்” என்பார். கணவர் கப்பலில் சமையற்காரராக இருந்து, நான் அன்ரியை அறிவதற்கு ஐந்து வருடம் முன்பே நோயில் இறந்துவிட்டார். ஒரே மகன் றெஜி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன்.

நான் உரும்பிராய்க்காரி. ரவுணுக்குள் ஒரு தபால் கந்தோரில் வேலை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர் எவரும் யாழ்ப்பாணம் வருவதில்லை. ஆனால் அன்ரியின் பெயருக்குத் தபாலட்டைகள் வந்துகொண்டே இருந்தன. நீலக் கடலும் தென்னையும் போட்ட அட்டைகள். தபால் கந்தோரில் இருப்பவர்கள் வாசிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. நான் எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லா அட்டையிலும் ஒரே ஒழுங்கில் ஐந்து பதில்கள் இருந்தன. கேள்விகள் மட்டும் இல்லை.

ஒரு நாள் அவர் கிழிந்த குடையோடு வந்து ஓர் அட்டையை என் முன்னால் வைத்தார். “பிள்ளை, உந்தக் கையெழுத்து எனக்கு விளங்கேல்லை. வாசிச்சுச் சொல்லு.”

வாசித்தேன். பிறகு அடக்க முடியாமல், “அந்த அஞ்சு கேள்வியும் என்ன?” என்று கேட்டுவிட்டேன்.

“அப்ப நீ முந்தியும் வாசிச்சிருக்கிறாய்” என்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சிரித்தார். “அஞ்சு மணிக்குக் கந்தோர் பூட்டினாப் பிறகு வீட்டை வா. காட்டுறன்.”

அப்படிப் போனவள்தான். உரும்பிராய்க்கு பஸ் ஓடுவது நிச்சயமில்லாத காலம் அது. எண்பத்துநாலில் அந்த முன்னறைகளில் ஒன்றில் குடியேறி ஆறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அவரிடம் மட்டை பிய்ந்த ஒரு பெரிய சி.ஆர். கொப்பி இருந்தது. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பக்கம். போகிறவர்கள் பார்த்துப் பதில் எழுதி அனுப்ப ஐந்து கேள்விகள். குடிக்கிற தண்ணீர் என்ன ருசி? வெளியே வருவதற்குப் படகு நாளைக்கு எத்தனை? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? அறைக் கதவுக்கு உள்பக்கத்துத் தாழ்ப்பாள் உண்டா? ஐந்தாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். தனியாக வந்தவரைக் கண்டால் அந்தத் தீவுச் சனம் முதலில் என்ன கேட்கிறது?

இந்த ஐந்தாவதை வைத்துத்தான் அவர் தீவுகளைத் தரம் பிரித்தார். பாலியில், ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்கிறார்களாம். அது பிழையில்லை. சீஷெல்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. தனிய அழுகிறவருக்கு நல்லது. அந்தமானில் கடதாசி கேட்கிறார்கள். மொரிசியஸில் ஒரு பெண்ணிடம் ‘அம்மா உயிரோடு இருக்கிறாவா?’ என்று ஒரு கிழவி கேட்டாளாம். அந்த ஒரு கேள்விக்காகவே மொரிசியஸ் மேலே ஏறியிருந்தது. நயினாதீவில், ‘சாப்பிட்டாச்சோ?’ நெடுந்தீவில் கேள்வியே இல்லை. கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சு. கொப்பியில் நெடுந்தீவின் பக்கத்தில், ‘வெயில் கொல்லும், ஆனால் ஆள் சாகாது’ என்று எழுதியிருந்தார்.

இத்தனைக்கும் அவர் நயினாதீவுக்கு அப்பால் போனதில்லை. கடற்தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவருக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே ஓங்காளம் வரும். அயலில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்குக் கோபம் வராது.

“போன ஆளுக்குத் தான் பாத்த ஒரு மூலைதான் தெரியும். எனக்கு, பத்துப் பேர் பாத்த பத்து மூலையும் தெரியும்.”

ஒரு நாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே என்னிடமும் கேட்டார். “உங்கடை உரும்பிராயிலை ஒருத்தன் தனிய வந்து இறங்கினால் முதலிலை என்ன கேப்பினம்?”

நான் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். “ஆற்றை ஆள் எண்டு கேப்பினம்.” யாருடைய ஆள், என்ன சாதி என்பதுதான் அந்தக் கேள்வி.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “அப்ப உங்கடையும் ஒரு தீவுதான்” என்றார்.

கலவர நேரத்தில் அவருடைய வீட்டில் கடைசியாக இருந்தவர் நியூசிலாந்துப் பெண் ஒருவர். நெடுந்தீவுக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரவுணில் சூடு விழுந்து ஊரடங்கு வந்துவிட்டது. அன்ரி அந்தப் பெண்ணை முன்னறையிலிருந்து எடுத்துத் தன்னுடைய படுக்கையில் படுக்கவைத்து, தான் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தாராம். வழி திறந்ததும் றெஜியையும் கூட்டிக்கொண்டு கொழும்பு றெயினில் ஏற்றிவிடப் போனார். பிரியும்போது அந்தப் பெண் ஆக்களுக்கு நடுவில் நின்று அழுதாளாம். “பாத்தியே, நான் முதல்நாளே சொன்னனான், உவள் அந்த ரகம் எண்டு” என்று எனக்குச் சொல்லும்போது அவருக்கு ஒரே பெருமை.

வெள்ளைக்காரர் வராமற்போக, ஊர்ச்சனம் வரத் தொடங்கியது. கனடா நல்லதா டென்மார்க் நல்லதா என்று கேட்பார்கள். “அது தீவில்லை. எனக்குத் தெரியாது” என்று அனுப்பிவிடுவார். ஆனால் எண்பத்தைந்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து இராமேஸ்வரத்துக்கு ஓடுவதா, இங்கேயே கிடப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இராமேச்சரமும் தீவுதான்” என்று அன்ரி கொப்பியை எடுத்தார். ஒரு மணித்தியாலம் அவளைக் கேள்வி கேட்டார். பிறகு, வாடைக்காற்று தொடங்க முதல் போ, இந்தத் துறையில் ஏறாதே, அந்தத் துறையில் ஏறு, இறங்கினதும் முதலில் கோயில் பக்கம் போ, சோற்றுக்குக் கூச்சப்படாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் மண்டபம் முகாமிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளை நடக்கிறானாம். அன்றிலிருந்து குருநகரில், அன்ரி சொன்னால் சரி என்றொரு பேச்சு நிலைத்தது. அவரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. ஆமி இருந்த கோட்டையைச் சுற்றி இரவும் பகலும் வெடி. ரவுணில் குண்டு விழுந்தது. குருநகர்ச் சனம் சட்டி பானையோடு வெளியேறிக்கொண்டிருந்தது. நான் உரும்பிராய்க்குப் போவதற்காகச் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்ரி குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்திருந்தார். முதல் தடவையாகத் தன் வீட்டு ஆளுக்காக எழுதிக்கொண்டிருந்தார். றெஜிக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

பக்கத்தில் மூன்று இடங்கள் எழுதியிருந்தன. பங்குக் கோயில். தன்னுடைய தமக்கை இருக்கிற தீவு. உரும்பிராய்.

“பிள்ளை, உங்கடை வீட்டிலை ஒரு பத்து நாளைக்கு றெஜிக்கு ஒரு மூலை கிடைக்குமோ? நான் கோயிலோடை இருப்பன். எனக்குப் பறவாயில்லை. குண்டுக்குத் தப்ப அவனுக்கு உங்கடை ஊர்தான் நல்ல இடம் எண்டு என்ரை மனம் சொல்லுது.”

“அப்பாவைக் கேட்டுச் சொல்லுறன் அன்ரி” என்றேன்.

மூன்றாம் நாள் வெடிச் சத்தம் தணிந்த ஒரு காலையில் திரும்பிப் போனேன். றெஜி முற்றத்தில் சாக்கை விரித்து, எஞ்சின் கழற்றுகிற சாவிகளை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து சைக்கிளை வாங்கி நிறுத்தினான். நான் உள்ளே போய், அப்பா சம்மதிக்கவில்லை என்று அன்ரியிடம் சொன்னேன். கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிற வீடு, ஊர் கதைக்கும் என்று சொன்னார் என்றேன்.

“அது சரிதானே” என்று அவர் என் கையைத் தடவினார். “தேப்பன் எண்டால் அப்பிடித்தான் யோசிப்பார். நீ உதுக்கு ஏன் கண் கலங்கிறாய்?” பிறகு பேனையை எடுத்து உரும்பிராயை ஒரு கோடு போட்டு வெட்டினார். “தீவுதான் சரி. குண்டு போடுறவன் ரவுணுக்குத்தானே போடுவான். அங்கை என்ன கிடக்கு? பனையும் மணலும். தண்ணியும் நல்லது. அக்கா சோறு போடுவா.”

அடுத்த நாள் றெஜி சாவிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வள்ளமேறினான். அந்தத் தீவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்ரி அதன் பிறகு அதை வாயால் சொன்னதில்லை.

ஆவணியில் அந்தப் பக்கத்துத் தீவுகளில் ஆமி இறங்கியது. சனம் கிடைத்த வள்ளங்களில் ஏறி இந்தக் கரைக்கு ஓடி வந்தது. அன்ரியின் தமக்கையும் வந்தார். றெஜி வரவில்லை. கடைசியாக நின்ற வள்ளத்தின் எஞ்சின் இயங்கவில்லையாம். கிழவர்களும் பிள்ளைகளும் அதில் காத்திருந்தார்களாம். “நீங்கள் முதல் போங்கோ பெரியம்மா, நான் இதைக் கிளப்பிக்கொண்டு வாறன்” என்றானாம். அந்த வள்ளம் வந்து சேர்ந்தது. எஞ்சினைக் கிளப்பித் தந்த பெடியன் கரையில் நின்று தள்ளிவிட்டான், பாரம் கூடிப்போச்சு என்று ஏறவில்லை என்றார்கள். பிறகு அவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

அன்ரி ஒவ்வொரு வள்ளத்துக்கும் கரைக்குப் போனார். வந்திறங்குகிற ஒவ்வொருவரையும் இருத்தி, தண்ணீர் கொடுத்து, கேட்டார். மகனைக் கண்டீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. எந்தத் துறையில் நின்றீர்கள்? எந்தக் கிணற்றடியால் வந்தீர்கள்? வடக்குப் பக்கம் போனீர்களா, தேவாலயத்துக்குப் பின்னால் போனீர்களா? யார் யார் அங்கே ஒளித்திருந்தார்கள்? எல்லாவற்றையும் கொப்பியின் பின்பக்கங்களில் எழுதினார். நான் போய்ப் பார்த்தபோது பதினெட்டுப் பக்கம் நிறைந்திருந்தது. அந்தத் தீவை இனி ஒருவரும் அவரைவிட நன்றாக அறிந்திருக்க முடியாது. ஒழுங்கை ஒழுங்கையாக, பனை பனையாக அறிந்திருந்தார். ஒரு மூலையிலும் றெஜி இல்லை.

குருநகர் வீட்டின் கூரை விழுந்துவிட்டது. அன்ரி சாவகச்சேரியில் கன்னியாஸ்திரிகளின் மடம் ஒன்றில், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டு அங்கேயே தங்கினார். நான் முதலில் மாதம் ஒரு தடவை சைக்கிளில் போவேன். சவர்க்காரமோ மண்ணெண்ணெய்ப் போத்தலோ கொண்டுபோவேன். பிறகு போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் என்னைக் கண்டதும் சந்தோசப்படுவது எனக்குத் தாங்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒரு தபாலட்டை வந்தது. கப்பலில் வந்து, எங்கெங்கோ கிடந்து, ஒன்றரை வருடம் பிந்தி வந்திருந்தது. அந்த நியூசிலாந்துப் பெண் எழுதியது. மறுபடியும் தனியாகப் பயணம் போகிறேன். சன்சிபாருக்கா, பிஜிக்கா என்று முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். றெஜி எப்படி இருக்கிறான்?

கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அன்ரி பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரியை வாசித்தபோதும் அவருடைய கை நிற்கவில்லை.

“நீ ஒரு பதில் எழுதிப்போடு பிள்ளை. எனக்குத் தீவுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது எண்டு எழுது.”

“அன்ரி…”

“அப்பிடியே எழுது. கேட்டதுகளெல்லாம் தப்பினதுகள், அது என்ரை கெட்டித்தனமில்லை எண்டும் எழுது.”

நான் எழுதவில்லை. அதையும் செய்யவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் ஊரையும் சேர்த்து வலிகாமம் முழுவதும் வெளியேற வேண்டி வந்தது. தங்கச்சிமார் இருவரும் அதற்குள் கலியாணம் முடித்துப் போயிருந்தார்கள். நானும் எழுபத்தாறு வயது அப்பாவும் மட்டும். மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே அரை நாளுக்கு மேல் போனது. ஊர்ந்து ஊர்ந்து, மறுநாள் பகல் சாவகச்சேரியை அடைந்தபோது அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடங்கள் நிரம்பிவிட்டன. மரங்களின் கீழும் இடமில்லை. எனக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான் இருந்தது.

மடத்தின் மண்டபத்தில் கால் வைக்க முடியாத சனம். அன்ரி எங்களைக் கண்டு, ஆட்களைத் தாண்டித் தாண்டி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக் குசினியை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். அது அவருடைய அறை. ஒரு வாங்கும் ஒரு பாயும்தான் அங்கே இருந்தன. அப்பாவை வாங்கில் இருத்தி, சுடச்சுடத் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தார். நான் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றேன்.

“முன்னைப் பின்னைத் தெரியாத ஆளுக்கு உங்கடை படுக்கையைத் தாறியள் அம்மா” என்றார், அன்ரியை ஒரு நாளும் கண்டிராத அப்பா.

“தெரியாத ஆளோ? உங்கடை மகள் என்னோடை ஆறு வருசம் இருந்தவள் ஐயா. குருநகரிலை.” அன்ரி நிலத்தில் அமர்ந்தார். நீண்ட நாள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். “ஐயா, ஒண்டு சொல்லவேணும் எண்டு இருந்தனான். அண்டைக்கு என்ரை மகனுக்கு இடம் தரேலாதெண்டு நீங்கள் சொன்னதிலை எனக்கு ஒரு கோவமுமில்லை. குமர்ப்பிள்ளையள் இருந்த வீடு. நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். நீங்கள் அதை மனதிலை வைச்சிருக்கக்கூடாது.”

அப்பா கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். “எண்டைக்கு?”

“தொண்ணூறிலை. சண்டை தொடங்கினவுடனை.”

“என்னட்டை ஆர் கேட்டது?” அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றையும் மறைக்கத் தெரியாத கமக்காரர். “என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே பிள்ளை. பின்னறை சும்மாதானே கிடந்தது. வெங்காயமெல்லோ போட்டு வைச்சனான். கேட்டிருந்தால் ஓமெண்டிருப்பனே.”

வாளியைக் கீழே வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறில் கோப்பாயிலிருந்து எனக்கொரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் வந்த சம்பந்தம். நான் ரவுணில் அறை எடுத்திருந்தது வேலைக்காக; வீட்டிலேயே குருநகர்ப் பெடியன் ஒருவன் இருக்கிறான் என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், அயல் என்ன சாதிக் கதை கதைக்கும் என்று மூன்று நாளும் யோசித்தேன். அப்பா விறாந்தையில்தான் இருந்தார். நான் அவருக்கு மூன்று நேரமும் சோறு போட்டேன். கேட்கவில்லை. மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே பல காலம் சொல்லிவந்தேன். அது பொய். அவர் ஓமென்று சொல்லிவிடுவார் என்றுதான் பயந்தேன். அந்தச் சம்பந்தமும் பிறகு சரிவரவில்லை.

அன்ரி என்னைப் பார்த்தார். வெளியே பிள்ளைகள் கோப்பைகளைத் தட்டிச் சத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் முழங்காலில் கையூன்றி எழுந்து, கொடியில் கிடந்த காய்ந்த துவாயை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“ஐயாவின்ரை சட்டை நனைஞ்சு கிடக்கு. மாத்திவிடுங்கோ” என்றார்.

மாத்திவிடுங்கோ. பதினொரு வருடத்தில் அவர் என்னை நீ என்பதைத் தவிர வேறு விதமாக அழைத்ததில்லை.

ஆறு மாதம் அந்த அறையில் இருந்தோம். அவர் பிள்ளைகளோடு மண்டபத்தில் படுத்தார். எங்களுக்கு ஒரு நாளும் சோறு பிந்தவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் கஞ்சி பருக்கினார். அப்பாவோடு இருந்து கனநேரம் கதைப்பார், சிரிக்கவும் செய்வார். என்னிடம், “சாப்பிட்டீங்களோ?” “கிணத்தடி வழுக்கும், பாத்துப் போங்கோ” என்பார். ஒரு சுடுசொல் இல்லை. இரண்டு தடவை நான் அவருடைய காலடியில் இருந்து சொல்லத் தொடங்கினேன். இரண்டு தடவையும், “உதெல்லாம் ஏன் இப்ப, எழும்புங்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சித்திரையில் ஊருக்குத் திரும்பலாம் என்றானது. சைக்கிளில் பெட்டியைக் கட்டினேன். அன்ரி வாசல்வரை வந்து, அப்பாவின் தோளில் துவாயைச் சரிசெய்து, அவர் கையில் ஒரு பொட்டலம் சோற்றைக் கொடுத்தார். நான் கடைசியாகத் திரும்பி, “அன்ரி, நான் போட்டு வாறன்” என்றேன்.

“ஓம்” என்றார். “கவனமாப் போட்டு வாங்கோ.”